தெர்மாமீட்டரில் 32 டிகிரி, உடம்புக்கு 44: பழவேற்காடு மீனவர் வீடுகளில் வயர்லெஸ் வெப்ப-ஈரப்பத சென்சார் எதற்கு? எங்கே மாட்டுவது?

பழவேற்காடு ஏரியில் இரவு முழுக்க இறாலுக்கு வலை போட்டுவிட்டு விடியற்காலையில் கரை திரும்புகிறவருக்குத் தூக்கம் பகலில்தான். அது மே மாதப் பகலாக இருந்து, தலைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் இருந்துவிட்டால், ஃபேன் ஓடினாலும் பாய் நனைந்துவிடும். செல்போனை எடுத்துப் பார்த்தால் வானிலை ஆப் '34 டிகிரி' என்கிறது. வெறும் 34 டிகிரிக்கா இவ்வளவு புழுக்கம் என்ற கேள்வி ஏரிக்கரைக் குப்பங்களில் ஒவ்வொரு கோடையிலும் எழுகிறது.

ஆப் பொய் சொல்லவில்லை. அது சொல்வது வெளியே நிலவும் காற்றின் வெப்பத்தை. வானிலை நிலையங்களில் தெர்மாமீட்டரை வெயில் படாத, காற்று புகுந்து போகும் வெள்ளைப் பெட்டிக்குள், திறந்த வெளியில் வைத்துத்தான் அளக்கிறார்கள். ஷீட் கூரைக்குக் கீழே, ஜன்னல் ஒன்றே ஒன்று உள்ள அறையில் என்ன நிலவரம் என்று அந்த அளவு சொல்லாது. அதைவிட முக்கியமாக, அந்த ஒற்றை எண்ணில் ஈரப்பதம் இல்லை. கடலும் ஏரியும் இருபுறமும் உள்ள ஊரில் பாதிக் கதை அதில்தான் இருக்கிறது.

தீப்பெட்டி அளவிலான ஒரு வயர்லெஸ் சென்சார் இந்த இரண்டு எண்களையும் வீட்டுக்குள்ளேயே அளந்து போனுக்கு அனுப்பிவிடும். விலை பெரிதில்லை, மாட்டுவதும் எளிது. ஆனால் தப்பான இடத்தில் மாட்டினால் தப்பான எண்தான் வரும். உப்புக்காற்று அடிக்கும் ஊரில் சரியான இடத்தில் மாட்டினாலும் சில மாதங்களில் எண் தடம் புரளலாம்.

ஈரப்பதம் கூடினால் உடம்புக்கு என்ன ஆகிறது?

வியர்ப்பதால் மட்டும் உடம்பு குளிர்வதில்லை. வியர்வை காற்றில் ஆவியானால்தான் குளிரும். காற்றே ஈரத்தால் நிறைந்திருந்தால் வியர்வை போக இடமில்லை, தோலிலேயே வழியும். 'உடம்பெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டுது' என்பது இதைத்தான்.

எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதற்கு அமெரிக்க வானிலை சேவையின் 'வெப்பக் குறியீடு' கணக்கு ஓரளவு உதவும். காற்றின் வெப்பம் 32 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் உடம்புக்கும் ஏறக்குறைய 32 அல்லது 33 போலத்தான் இருக்கும். அதே 32 டிகிரியில் ஈரப்பதம் 70 சதவீதமானால் உடம்பு உணர்வது 40. ஈரப்பதம் 80 சதவீதமானால் 44. இந்தக் கணக்கில் 39 டிகிரியைக் கொஞ்சம் தாண்டியதுமே 'அபாயம்' என்ற கட்டம் தொடங்கிவிடுகிறது. இதெல்லாம் நிழலில் இருப்பவருக்கு. நேரடி வெயிலில் நின்றால் 8 டிகிரி வரை கூடலாம்.

இரவும் விதிவிலக்கல்ல. இரவு 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் உணரும் வெப்பம் 38-ஐத் தொடும். பகலில் வெந்த உடம்புக்கு ராத்திரியிலும் ஓய்வு கிடைப்பதில்லை.

இன்னொரு அளவும் இருக்கிறது. தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணி சுற்றி அளக்கும் 'ஈரக்குமிழ் வெப்பநிலை'. இது 35 டிகிரியைத் தொட்டால் ஆரோக்கியமானவர்கூட சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்று 2010-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் இளைஞர்களை வைத்து நேரடியாகச் சோதித்து 2022-ல் வெளியிட்ட முடிவு இன்னும் கவலை தருவது: சுமார் 31 டிகிரியிலேயே உடம்பு தன் சூட்டைக் கட்டுப்படுத்த முடியாமல் திணறத் தொடங்குகிறது. வெப்பம் 34, ஈரப்பதம் 75 சதவீதம் உள்ள அறையில் ஈரக்குமிழ் அளவு 30. அதாவது அந்த எல்லைக்கு ஒரு டிகிரி கீழே.

'வெப்ப அலை' இல்லாத நாளிலும் ஆபத்து

கடலோர நிலையங்களில் அதிகபட்ச வெப்பம் 37 டிகிரியையாவது தொட்டு, அந்தக் காலத்துக்கான இயல்பைவிட 4.5 டிகிரி அதிகமாகவும் இருந்தால்தான் இந்திய வானிலை ஆய்வு மையம் 'வெப்ப அலை' என்கிறது. வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024 அக்டோபரில் அறிவித்த தமிழ்நாடு அரசு, உயிரிழந்தவர்களின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் அறிவித்தது. நல்ல முடிவுதான். ஆனால் 34 டிகிரியும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு நாள், வெப்ப அலை என்ற பெயருக்குள் வராமலேயே கடந்துபோகும். உணரும் வெப்பத்தைக் காட்டும் வெப்பக் குறியீட்டை வானிலை மையம் 2023 முதல் சோதனை முறையில் வெளியிட்டாலும், அதுவும் ஊருக்கான கணக்கு, வீட்டுக்கானது அல்ல.

பாதிப்பு முதலில் யாருக்கு? முதியவர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், சர்க்கரை மற்றும் சிறுநீரக நோயாளிகள். தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளிடம் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வில், அதிக வெப்பத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் ஏறக்குறைய இரு மடங்காக இருப்பது தெரியவந்தது. பகல் முழுக்க மீன் காயவைத்துவிட்டு, வெந்த வீட்டுக்குள் வந்து அடுப்பும் பற்றவைக்கிற பெண்களை இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும்.

கடலைப் பற்றிய தகவலுக்கு இந்தக் கரையில் பஞ்சமில்லை. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரத்தையும் மீன் கிடைக்கும் பகுதியையும் சொல்கிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரி வட்டாரத்தில் தொடங்கிய கிராம அறிவு மையங்கள், வீராம்பட்டினம் கரையில் அலை நிலவரத்தை ஒலிபெருக்கியிலேயே அறிவித்தன. வெளியே 20 கிலோமீட்டர் தூரத்துக் கடல் எப்படி இருக்கிறது என்று போனில் தெரிகிறது. பாட்டி படுத்திருக்கும் அறை எப்படி இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

எதை வாங்குவது? போன் கடலுக்குப் போய்விட்டால்?

கடைகளில் பெரும்பாலும் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று வைஃபை, இன்னொன்று ப்ளூடூத். வைஃபை சென்சாருக்கு வீட்டில் எப்போதும் இணைய இணைப்பு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வீட்டில் பிராட்பேண்ட் இல்லாமல் ஒரே ஒரு செல்போனின் ஹாட்ஸ்பாட்டை நம்பி வாங்கினால், அந்தப் போன் வெளியே கிளம்பியதும் சென்சாரும் ஊமையாகிவிடும். கரண்ட் போச்சுன்னா ரவுட்டரும் போச்சு.

குப்பத்து வீடுகளுக்கு ப்ளூடூத் வகைதான் பொருத்தம். அதிலும் முகப்பிலேயே எண் தெரியும் சின்னத் திரை உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது. காரணம் எளிது. வீட்டில் உள்ள நல்ல போன் பல நேரம் படகோடு போய்விடுகிறது. ஆப்பில் மட்டுமே எண் தெரியும் சென்சார் என்றால், ஏரி நடுவில் இருப்பவர் கையில் ஆப், எண் தேவைப்படுகிறவர் வீட்டில். ப்ளூடூத் எட்டுவதோ சுமார் 10 மீட்டர். இடையில் சுவர் இருந்தால் அதைவிடக் குறைவு. திரை இருந்தால் போனே இல்லாத பாட்டியும் பார்த்துக்கொள்ளலாம். அளவுகளைத் தன் நினைவகத்தில் சேமித்து வைத்து, போன் திரும்பி வந்ததும் ஒப்படைக்கும் மாடல்களும் உண்டு. வாங்கும் முன் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உள்ளே இருக்கும் சில்லு எது என்பதும் முக்கியம். பள்ளி புராஜெக்ட்டுகளில் புழங்கும் மலிவான டி.ஹெச்.டி.-11 சென்சாரில் வெப்பம் 2 டிகிரி வரையும் ஈரப்பதம் 5 சதவீதம் வரையும் தப்பலாம். 32 டிகிரியில் ஈரப்பதம் 70-க்குப் பதில் 75 என்று காட்டினால், உணரும் வெப்பக் கணக்கு 2 டிகிரி ஏறிவிடும். டி.ஹெச்.டி.-22, எஸ்.ஹெச்.டி.-31 போன்றவற்றில் பிழை 2 சதவீத அளவில் இருக்கும். பெட்டியில் துல்லிய அளவை அச்சிடாத பொருளைத் தவிர்த்துவிடலாம்.

குப்பமே சேர்ந்து ஒரு பொது ஏற்பாடு செய்ய நினைத்தால், உரிமம் தேவைப்படாத 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் 'லோரா' வகைக் கருவிகள் இருக்கின்றன. ஒரே ஒரு மையக் கருவி பல வீடுகளின் அளவுகளைச் சேகரிக்கும். அது தனிக் கதை.

போனோடு இணைப்பது

பேட்டரிக்கும் உலோக முனைக்கும் நடுவே இருக்கும் பிளாஸ்டிக் நாடாவை இழுத்துவிட்டால் சென்சார் விழித்துக்கொள்ளும். போனில் ப்ளூடூத்தை ஆன் செய்து, பெட்டியில் குறிப்பிட்டுள்ள ஆப்பைப் பதிவிறக்கி, அதற்குள்ளிருந்தே புதிய கருவியைச் சேர்க்க வேண்டும். போனின் செட்டிங்ஸில் உள்ள ப்ளூடூத் பட்டியலில் போய்த் தேடுவதுதான் பலரும் செய்யும் தவறு. பல சென்சார்கள் அங்கே தெரியவே தெரியாது.

ஆப்பிலும் சென்சார் தெரியவில்லையா? பழைய ஆண்ட்ராய்டு போன்களில் லொகேஷனையும் ஆன் செய்தால்தான் ப்ளூடூத் தேடல் வேலை செய்யும். ஆண்ட்ராய்டு 12-க்குப் பிறகு 'அருகிலுள்ள சாதனங்கள்' என்ற அனுமதியைக் கேட்கும். அதைக் கொடுக்க வேண்டும். வைஃபை சென்சார் வாங்கியவர்களுக்கு வேறொரு சிக்கல்: பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும். போன் ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் எத்தனை முறை பாஸ்வேர்டு அடித்தாலும் இணையாது.

வீட்டில் எங்கே மாட்டுவது?

டிவி ஸ்டாண்டின் மேல் வைத்தால் பார்க்க வசதியாக இருக்கும், ஆனால் அது டிவியின் சூட்டை அளக்கும். ஃபிரிட்ஜ், குண்டு பல்பு, அடுப்பு ஆகியவற்றின் பக்கமும் இதே கதைதான். மேற்குச் சுவர் பிற்பகல் வெயிலில் சூடாகிவிடும். அதில் ஆணி அடித்து மாட்டினால் சுவரின் வெப்பம்தான் வரும். ஜன்னல் ஓரத்தில் வெயில் ஒரு கீற்று விழுந்தாலே எண் துள்ளிவிடும். அலமாரிக்குள் வைத்தால் அறையில் நடப்பது அதற்குத் தெரியாது.

பொதுவாகத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம் என்பார்கள். கட்டிலில் படுக்கும் வீட்டுக்கு அது சரி. தரையில் பாய் விரித்துப் படுக்கும் வீட்டில், ஷீட் கூரைக்கு அருகே ஓர் எண்ணும் தரையருகே இன்னோர் எண்ணும் வரும். யார் உடம்பைப் பற்றிக் கவலையோ அவர் மூச்சு விடும் உயரத்தில் வைப்பதே சரியான அளவு. தரையில் படுப்பவருக்கு அரை மீட்டர் உயரம் போதும். தூளி கட்டிய இடம் என்றால் தூளியின் உயரம், ஆனால் குழந்தையின் கைக்கு எட்டாத தூரம்.

முடிந்தால் இரண்டு வாங்கலாம். ஒன்று உள்ளே, இன்னொன்று வெளியே தாழ்வாரத்தில், வெயிலும் மழையும் படாத இடத்தில். மாட்டுவதற்கு முன் இரண்டையும் ஓர் இரவு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று 31.2, இன்னொன்று 31.6 என்று காட்டினால் அந்த 0.4 கருவிகளுக்குள்ளான வித்தியாசம், பிறகு கழித்துக்கொள்ளலாம். இடம் மாற்றினால் அரை மணி நேரம் பொறுத்துத்தான் எண்ணை நம்ப வேண்டும்.

இரண்டு நாள் வரைபடத்தைப் பார்த்தாலே ஒரு சுவாரஸ்யம் தெரியும். மேற்கிலிருந்து கரைக்காற்று அடிக்கும் முற்பகலில் வெப்பக் கோடு ஏறும், ஈரப்பதக் கோடு இறங்கும். கடற்காற்று உள்ளே புகுந்ததும் இரண்டும் கத்தரிக்கோல்போல் திரும்பிவிடும்: வெப்பம் சரியும், ஈரப்பதம் தாவும். கடற்காற்று தாமதமாக வரும் நாட்கள்தான் இந்தக் கரையில் கொடுமையான நாட்கள். மீனவர்களுக்கு இது தெரியாத விஷயம் அல்ல. எத்தனை மணிக்கு, எத்தனை டிகிரி என்பதுதான் புதிது.

சமையல் உப்பே போதும்: சென்சாரைச் சோதிப்பது எப்படி?

ஈரப்பத சென்சாருக்குள் இருப்பது ஒரு மெல்லிய பாலிமர் படலம். அது ஈரத்தை உறிஞ்சும்போது மாறும் மின் தன்மையைத்தான் சில்லு அளக்கிறது. தொடர்ந்து பல நாட்கள் 80 சதவீதத்துக்கு மேல் ஈரக் காற்றிலேயே இருந்தால், சென்சார் உண்மையைவிட 3 சதவீதம் அளவுக்குக் கூட்டிக் காட்டத் தொடங்கலாம். உலர்ந்த காற்றில் சில நாள் இருந்தால் மெல்லத் திரும்பிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு பழவேற்காட்டில் இந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான்.

இதைச் சோதிக்க லேப் தேவையில்லை. ஈரமான சமையல் உப்பு, மூடிய டப்பாவுக்குள் உள்ள காற்றின் ஈரப்பதத்தை 75 சதவீதத்தில் நிறுத்திவைக்கும். 25 டிகிரியிலும் 30 டிகிரியிலும் ஏறக்குறைய இதே எண்தான். சோதனைக்கூடங்களும் இந்த முறையைத்தான் நம்புகின்றன.

ஒரு பாட்டில் மூடியில் உப்பை நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். உப்பு கரைந்துவிடக் கூடாது. ஈர மணல் மாதிரி சொதசொதவென்று இருந்தால் சரி. அதைச் சென்சாரோடு ஒரு காற்றுப் புகாத டப்பாவுக்குள் வைத்து மூடி, வீட்டின் குளிர்ச்சியான மூலையில் 8 முதல் 12 மணி நேரம் விட வேண்டும். உப்பு சென்சாரில் படவே கூடாது. மூடியைத் திறக்காமல் திரையையோ ஆப்பையோ பார்த்தால் 75 காட்ட வேண்டும். 79 காட்டினால் உங்கள் சென்சார் 4 கூட்டிச் சொல்கிறது என்று அர்த்தம். பல ஆப்களில் இந்தத் திருத்தத்தைப் பதிவு செய்ய வழி இருக்கும். இல்லையென்றால் கருவியின் முதுகில் '4 கழிக்க' என்று எழுதி ஒட்டிவிட வேண்டியதுதான்.

சுத்தம் செய்வதிலும் கவனம் தேவை. கடற்காற்றில் வரும் நுண்ணிய உப்பு, சென்சாரின் துளைகளில் படியும். ஈரப்பதம் 75-ஐத் தாண்டியதும் அந்த உப்பே தண்ணீரை இழுத்து நீர்த்துப்போகும். துளைவாயில் ஈரம் தங்கினால் எண் உயர்ந்தே நிற்கும், உள்ளே செம்புத் தடங்களும் அரிக்கும். மாதம் ஒருமுறை காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். ஈரத்துணி, ஸ்பிரே எதுவும் வேண்டாம். கொசு மருந்து ஆவி, சாம்பிராணிப் புகை, செண்ட் ஆகியவையும் அந்தப் படலத்துக்கு ஆகாது.

எண் ஏறினால் என்ன செய்வது?

கடலோர வீட்டுக்கு ஏர் கூலர் வாங்கலாமா என்ற கேள்விக்கு சென்சாரே பதில் சொல்லிவிடும். தண்ணீர் ஊற்றி ஓட்டும் கூலர் எவ்வளவுதான் முயன்றாலும் ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் கீழே காற்றைக் குளிர்விக்காது. 34 டிகிரி, 40 சதவீத ஈரப்பதம் உள்ள உள்மாவட்டப் பகலில் அந்த அளவு 24, நன்றாகக் குளிரும். அதே 34 டிகிரியில் ஈரப்பதம் 75 என்றால் அது 30. குளிர்ச்சி கொஞ்சம், புழுக்கம் நிறைய. ஈரத்துணியை ஜன்னலில் தொங்கவிடுவதும் இதே கணக்குதான். ஈரப்பதம் 70-ஐத் தாண்டிய நேரத்தில் அந்தத் துணியை ஜன்னலில் கட்டுவதைவிட உடம்பைத் துடைத்துக்கொண்டு ஃபேன் முன் உட்காருவது பலன் தரும். அறை வெப்பம் 40 டிகிரிக்குக் கீழே இருக்கும்வரை ஃபேன் உதவும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு மேல் போனால் ஃபேன் சூட்டைத்தான் உடம்பில் வீசும்.

உள்ளே, வெளியே இரண்டு சென்சார் உள்ள வீட்டில் ஜன்னலைத் திறக்கும் நேரமும் பிடிபடும். வெளியே வெப்பம் குறைந்ததும் திறக்கலாம். 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் ஓலை வீடுகளின் இடத்தில் கட்டப்பட்ட கான்கிரீட் வீடுகளில் இது இரவில்தான் தெரியும். பகலில் சூட்டைக் குடித்த தளம், வெளியே குளிர்ந்த பிறகும் மணிக்கணக்கில் உள்ளே சூட்டை இறக்கிக்கொண்டிருக்கும். மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தால் பலன் உண்டா என்பதையும் சோதித்துவிடலாம். அடிப்பதற்கு முன் மூன்று நாள், பின் மூன்று நாள், பிற்பகல் 3 மணிக்கு உள்ளே-வெளியே வித்தியாசத்தை எழுதி வைத்தால் போதும். உள்ளே உள்ள எண்ணை மட்டும் பார்த்தால், வானம் மேகமூட்டமாக இருந்ததைச் சுண்ணாம்பின் பெருமையாக நினைத்துவிட வாய்ப்பிருக்கிறது.

ஆப்பில் எச்சரிக்கை வைக்கும் வசதி இருந்தால் வெப்பம் 32, ஈரப்பதம் 70 என்று வைக்கலாம். இரண்டும் சேர்ந்து தாண்டினால் முதியவர்களையும் குழந்தைகளையும் காற்றோட்டமான நிழலுக்கு மாற்றி, தண்ணீர், ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுக்க வேண்டும். மழைக்கு முந்தைய வாரங்களில் இந்த எச்சரிக்கை ஓயாமல் அடிக்கும். அதனால் அணைத்துவிடத் தோன்றும். அப்படியானால் வெப்ப எல்லையை 34-க்கு ஏற்றலாமே தவிர, மொத்தமாக அணைக்க வேண்டாம். பேச்சு குழறினாலோ, குழப்பமாக நடந்துகொண்டாலோ, மயங்கினாலோ, உடம்பு கொதித்தாலோ, சென்சார் என்ன காட்டினாலும் உடனே 108-ஐ அழைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும்.

கருவாட்டுக்கும் அதே 75

இந்தச் சென்சாருக்கு வீட்டிலேயே இன்னொரு வேலை இருக்கிறது. உப்புக் கருவாடு மூட்டை வைத்திருக்கும் அறையில் ஈரப்பதம் 75 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை உப்பு காய்ந்தே இருக்கும். அதைத் தாண்டினால் மீனில் உள்ள உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து 'வேர்க்க' ஆரம்பிக்கும். பூஞ்சை அங்கிருந்துதான் தொடங்குகிறது. விலையும் அங்கிருந்துதான் இறங்குகிறது. இரவில் 85-ம் பகலில் 65-ம் காட்டும் அறையில், பகலில் 75-க்குக் கீழே இறங்கும் சில மணி நேரம்தான் மூட்டையைப் பிரித்துக் காற்றாட வைக்கும் நேரம். மாலையில் எண் ஏறத் தொடங்கியதும் பிளாஸ்டிக் ஷீட்டால் இறுக்கி மூடிவிட வேண்டும்.

பேட்டரி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. இந்தச் சென்சார்கள் பலவற்றில் சி.ஆர். 2032 எனும் நாணயம்போன்ற பேட்டரிதான் இருக்கும். மாதக்கணக்கில் உழைக்கும். குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். ஸ்க்ரூ வைத்து மூடும் மாடலை வாங்குவதும், தீர்ந்த பேட்டரியை அன்றே டேப் சுற்றி அப்புறப்படுத்துவதும் அவசியம். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், தாமதிக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.